பத்தொன்பதாவது பதிவு

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் வந்துவிடும். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து கதவைத் திறந்து, பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சுவார். ஆறு மணிக்கு மனைவி எழுந்திருப்பாள். பல் துலக்கிவிட்டு, தூங்கும் மகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, ஆறேகாலுக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் மூன்று பக்கம் எழுதுவாள். எழுதி முடித்துப் பேனாவுக்கு மூடி போடும்போது ஜன்னலோர நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளும் அதே மனைவிதான். அதே முகம், இடது புருவத்தில் அதே தழும்பு, மணிக்கட்டில் அதே ரப்பர் வளையம். ஆறே முக்காலுக்கு நாற்காலியில் இருப்பவள் எழுந்து போய் மகளை எழுப்பித் தலை பின்னி, தண்ணீர்ப் புட்டியை நிரப்பி, பென்சிலைச் சீவி வைப்பாள். மேசையில் இருப்பவள் காபியைக் குடித்துவிட்டுப் ஒலிப்பதிவுக் கருவிக்கு பேட்டரி மாற்றுவாள். எட்டு மணிக்குப் பள்ளி வண்டி வந்து மகளைக் கூட்டிப்போகும். எட்டு ஐந்துக்கு மேசையில் இருந்தவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நாற்காலியில் இருந்தவள் வீட்டில் இருப்பாள். செவ்வாயும் வியாழனும் மட்டும் இப்படி. மற்ற நாட்களில் வீட்டில் ஒருத்திதான்.

அவள் எட்டு வருடம் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். பிறகு முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தாள். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் ஒரு தாய் என்ன அனுபவிக்கிறாள் என்பதுதான் தலைப்பு. அந்த ஆய்வுமுறையில் புள்ளிவிவரம் கிடையாது. ஏன் என்று கேட்கக் கூடாது. அது சரியா தப்பா என்று கேட்கக் கூடாது. எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் தானாகச் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் அவள் பதினெட்டு வீடுகளுக்குப் போய் "அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதால் ஊரில் அவளுக்கு எப்படி டீச்சர் என்று பெயர் வந்தது. கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள்கூட, "எப்படி டீச்சர் வீட்டுக்காரர்தானே நீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

முதல் சந்திப்பிலேயே ஆய்வு நெறியாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அந்த அம்மாள் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருந்தது. "நீங்களும் ஒரு அம்மா. அதான் இதுல சிக்கல்," என்றார். "அவங்க ஒண்ணு சொல்லும்போது 'எனக்கும் இப்படித்தான்'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டீங்கன்னா போச்சு, அப்புறம் உங்களுக்குக் கேக்கிறது உங்க கதைதான். உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் முன்னாடியே எழுதி ஒதுக்கி வச்சிடுங்க. அம்மாவை வீட்டுல விட்டுட்டு ஆய்வாளரா மட்டும் போங்க." எல்லா ஆய்வாளர்களிடமும் சொல்வதுதான் இது. எல்லோரும் அரைப் பக்கம் எழுதுவார்கள், நெறியாளர் கையெழுத்துப் போடுவார், அத்துடன் சரி. இவள் அப்படிப்பட்டவள் இல்லை. இரண்டு கோடு போடு என்றால் அளவுகோல் வைத்து இரண்டு கோடு போடுகிறவள். மகள் பிறந்த அன்று மருத்துவமனையில் மின்விசிறி எழுப்பிய சத்தத்திலிருந்து, முந்தின நாள் மாலை கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் மகள் விழித்ததைப் பார்த்துத் தனக்குத் தாடை இறுகியதுவரை எழுதினாள். மூன்றாம் பக்கத்தின் கீழே எழுத வேறு எதுவும் மிச்சம் இல்லாதபோதுதான் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலியில் ஆள் இருந்தது.

முதல் நாள் மூவரும் கொஞ்சம் பயந்தார்கள். இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. வீட்டு உரிமையாளர் வந்து, குடியிருப்பவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டதா என்று விசாரித்தார். நாற்காலியில் இருப்பவள் குளிப்பதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை, மகளின் சாப்பாட்டில் உப்பு சரியா என்று ஒரு வாய் வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான் என்று சொன்னதும் சமாதானமாகப் போய்விட்டார். மேல்மாடித் தையல்காரி படியில் பார்த்தபோது, "கொடுத்து வச்சவ நீ. எனக்கு ஒருத்தி இருந்தா நான் பாட்டுக்குத் தூங்குவேன்," என்றாள். நெறியாளரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷத்துல யாருக்கும் இது முழுசா வந்து நான் பார்த்ததில்ல. வந்தா நல்லதுதான். முறையியல் அத்தியாயத்துல ஒரு பத்தி சேர்த்துடுங்க," என்றார்.

நாற்காலியில் இருப்பவள் பேச மாட்டாள். பேச்சு போகிறவளோடு போய்விடும். ஆனால் மகளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அவள் மடியில் பையைப் போட்டுவிட்டு, வண்டியில் நடந்தது, டீச்சர் திட்டியது, யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதெல்லாம் சொல்லுவாள். நாற்காலிக்காரி நகம் வெட்டியபடியே கேட்பாள். அவள் கோபப்படுவதும் இல்லை. கோபம் வந்த மாலைகளையும் மூன்று பக்கத்தில் எழுதித்தான் வைத்திருந்தாள், ஆனாலும் அது எப்படியோ காகிதத்தோடு நின்றுவிட்டது. காலையில் மேசையில் காபி குடிப்பவளைப் பார்த்து மகள், "டீச்சர், நீங்க போயிட்டு வாங்க, அம்மா இங்க இருக்காங்க," என்பாள். அதற்கு அவளும் மரியாதையாக, "சரிம்மா. எந்த வகுப்பு படிக்கிற?" என்று கேட்பாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வாரத்தில் இரண்டு முறை இதே கேள்விக்கு இதே சிரிப்பு.

நாலரை மணிக்கு அவள் திரும்பி வந்து, கைகால் கழுவி, நோட்டைப் பிரித்து அந்த மூன்று பக்கத்தையும் வாய்விட்டுப் படிப்பாள். படிக்கப் படிக்க நாற்காலியில் இருப்பவள் எழுந்து வந்து அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உட்காருவாள். ஈர உடையை மாட்டிக்கொள்வதுபோல அவள் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். பிறகு, "பாப்பா, டப்பாவைக் காலி பண்ணியா?" என்று குரல் கேட்கும். ஒரு டம்ளர் தேநீர் ஆறும் நேரம்தான் ஆகும் இதற்கு.

கண்ணாடிக்கடைக்காரர் இதைப் பற்றிக் குறை எதுவும் சொன்னதில்லை. நாற்காலியில் இருப்பவளுக்கு அவரைத் தெரியாது. வெறுப்பு எதுவும் இல்லை. திறந்து கிடக்கும் கதவை யாரும் நின்று பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல அவரைத் தாண்டிப் பார்ப்பாள். அவர் குறுக்கே நின்றால் தலையைச் சாய்த்து மகள் எங்கே என்று பார்ப்பாள். அவள் ஒரு அம்மா மட்டும்தான். ஆனால் பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவள் மனைவி. செவ்வாயும் வியாழனும் எட்டு ஐந்திலிருந்து எட்டு இருபத்தைந்துவரை பேருந்து நிறுத்தத்துக்கு அவரும் கூட நடப்பார். அந்த இருபது நிமிடம் அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கவில்லை. சளி மருந்து, பள்ளிக் கூட்டம், கழித்தல் கணக்கு எதுவும் பேச்சில் வராது. வழியில் யாருடைய நடையையாவது பார்த்துச் சிரிப்பாள். கல்லூரியில் அவர் நீச்சல் தெரியும் என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டதை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்வாள். ஒருமுறை, "என்னங்க, பஸ்ஸை விட்டுட்டு அடுத்ததுல போகட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு பேருந்துகளை விட்டார்கள். அவர் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. மாலையில் ஒன்றாகிவிட்டவளிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் வேலை. கடையில் நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்கிறவருக்கு அது பிடித்திருந்தது. அந்த வேலைக்கும் விதி உண்டு. சொன்னதைச் சொன்னபடியே போட வேண்டும். ம் என்றால் ம். இருமினால் இருமல். பேசாமல் இருந்தால் எத்தனை விநாடி என்று எண்ணிப் போட வேண்டும். ஏழாவது பதிவில் சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு தாய், "ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சுத் தாள் ஓட்டையாயிடுச்சு. ஓட்டை வழியா மேசை தெரிஞ்சுது. எனக்கு அவன் முகம் ஞாபகம் இல்ல, அந்த மேசைதான்," என்று சொல்லிவிட்டு இருபத்தாறு விநாடி பேசாமல் இருந்தாள். அவர் அதற்குப் பின்னால் வந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போட்டார். மனைவி பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அவ இப்படிச் சொல்லலையே."

"அர்த்தம் அதானே?"

"அர்த்தம் அப்புறம். மொதல்ல அவ சொன்னதைப் போடுங்க. நமக்குப் பிடிச்ச மாதிரி சொல்ல வச்சா அப்புறம் அவ எதுக்கு, நாமே உக்காந்து எழுதிக்கலாமே."

அவர் திருத்தினார். அதற்குப் பிறகு எதையும் மாற்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையில் அட்டவணையைப் பரப்பிவைத்து, தாய்மார் இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி, ஆறு வாரத்தில் இரண்டாம் பகுதி ஆரம்பம் என்றாள். வீட்டுப்பாட நேரம் ஒரு கணவனையும் மனைவியையும் என்ன செய்கிறது என்பதுதான் இரண்டாம் பகுதி. "அப்ப அம்மாவை ஒதுக்க வேண்டாம். உங்க பொண்டாட்டியை ஒதுக்கி வச்சிட்டுத்தான் போகணும். நாற்காலியில உங்களுக்குன்னு ஒருத்தி இருப்பா. வாயே பேச மாட்டா. சந்தோஷம்தானே?" என்றாள். அவர், அப்படியானால் கடைக்கு லீவு போட்டுவிடுகிறேன் என்றார். மகள் தனக்கு எந்த நாள் யார் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் மகளின் போர்வையைச் சரிசெய்யும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "லேசா சுடுதுங்க. நான் இன்னைக்குப் போகலை," என்றாள். பால் பொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, "பள்ளிக்கூடம் வேண்டாம், படுத்துக்கட்டும். நீ எழுதிட்டுக் கிளம்பு. அதான் அம்மா வீட்டுல இருப்பாளே," என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். எட்டு ஐந்துக்கு இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நாற்காலிக்காரி ஈரத்துணியைப் பிழிந்து மகளின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாவது பேட்டி ஒரு செவிலியின் வீட்டில், மூன்றாவது மாடியில் நடந்தது. ஐம்பத்தொரு நிமிடம். முடிந்து இறங்கி வந்து, பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கினார்கள். மருத்துவமனையில், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். முப்பத்து நான்கு வயதில் இப்படி நடக்குமா என்று அவர் கேட்டதற்கு, நடக்கும் என்றார்கள். பையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்த மறந்திருந்தாள்.

மாலை நாலரைக்கு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் கிடத்தினார்கள். நாற்காலிக்காரி எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் மகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கீழே ஒரு முகத்தையும் நாற்காலியில் ஒரு முகத்தையும் பார்த்துவிட்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். மகள், "டீச்சருக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். அவள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் மாமியார் மூன்று நாள் தங்கினார். மூன்று நாளும் நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் கன்னத்தைத் தொட்டார், அவள் சின்ன வயதில் கேட்கும் பாட்டைப் பாடினார், கன்னத்தில் ஒரு அறைகூட விட்டார். அவள் ஜன்னல் வழியே பள்ளி வண்டி வருகிறதா என்று பார்த்தாள். மூன்றாம் நாள் மாமியார் பையைக் கட்டிக்கொண்டு மருமகனிடம் வந்தார்.

"அவ பாப்பாவுக்கு மட்டும்தான் இருக்கா, மாப்பிள்ளை. எனக்குப் பொண்ணு இல்ல. உங்களுக்குப் பொண்டாட்டி இல்ல."

"தெரியும், அத்தை."

"பாப்பாவைப் பாத்துக்கோங்கன்னுதான் சொல்லிட்டுப் போயிருப்பா."

அவர் பையை வாங்கிக்கொண்டார். போயிருப்பா என்பது ஒரு மாதத்தில் போனா என்று ஆகிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அதுதான் அவளுடைய கடைசி வார்த்தை.

அவர் செய்து பார்க்காதது எதுவும் இல்லை. முதலில் நோட்டை எடுத்து மூன்று பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தார். நாற்காலிக்காரி எழுந்தாள். அறைக்கு நடுவே வந்து நின்றாள். உட்கார ஆள் தேடுவதுபோல மேசையைப் பார்த்தாள், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி வந்தாள், படுக்கையறை வாசலில் போய் நின்றாள். அவர் படித்து முடித்ததும் திரும்பிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் மெதுவாகப் படித்துப் பார்த்தார். மனைவியின் மேசை இடத்தில் அவள் புகைப்படத்தை வைத்துப் படித்துப் பார்த்தார். பதினோராவது முறை அவள் எழுந்து வந்து தேடுவதைப் பார்க்க முடியாமல் நோட்டை மூடிவிட்டார். நெறியாளருக்குப் போன் செய்தார். நெறியாளர், "ஒதுக்கி வைக்கிறதுக்குத்தான் தம்பி முறை இருக்கு. திரும்ப எடுத்துக்கிறதைப் பத்திப் புத்தகத்துல ஒண்ணும் இல்ல. அதை அவங்கவங்களே செஞ்சுப்பாங்கன்னு விட்டுட்டாங்க," என்றார். போனை வைக்கும் முன், பத்தொன்பதாவது பதிவைத் தட்டச்சு செய்து அனுப்ப முடியுமா, அவசரம் இல்லை என்றும் சொன்னார்.

பிறகு ஒருநாள் கடையிலிருந்து கண் பரிசோதனைச் சட்டத்தையும் வில்லைப் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாற்காலிக்காரியின் மூக்கில் சட்டத்தை மாட்டினார். அவள் தடுக்கவில்லை. ஆறடி தூரத்தில் போய் நின்றுகொண்டு, திரும்பி வந்து ஒரு வில்லையை மாற்றி, மறுபடியும் போய் நின்றார். "இது தெளிவா?" என்றார். "இதுவா?" என்றார். கிட்டப்பார்வை வில்லை, தூரப்பார்வை வில்லை, சாய்வு வில்லை என்று பெட்டியில் இருந்த அத்தனையையும் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த சுவரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது மகள் அறைக்குள் வந்தாள். நாற்காலிக்காரியின் முகம் உடனே மலர்ந்தது. கண்ணில் குறை ஒன்றும் இல்லை. அவர் வில்லைகளைத் துடைத்து எண் வரிசைப்படி பெட்டியில் அடுக்கினார்.

நாற்காலிக்காரிக்கு அந்த வியாழக்கிழமைவரை தெரிந்ததுதான் தெரியும். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள், அவள் இரண்டாம் வகுப்புச் சீருடையைத் தேய்த்து வைத்தாள். மகள் ஐந்துக்குப் போனாள், அவள் குட்டை ரிப்பன்களைச் சுற்றி வைத்தாள். மகளுக்குப் பத்து வயதானபோது அவள் மகளின் பழைய உயரத்துக்குக் குனிந்து பொத்தான் போடப் போய், காற்றில் கை தடவி, பிறகு மேலே தேடிக் கண்டுபிடித்தாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஒரு வாரம் மகள் பள்ளி வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அந்த ஒரு வாரம்தான். பத்தாம் வகுப்பில் வடிவியல் நோட்டைக் கொண்டுவந்து வைத்தால், நாற்காலிக்காரி முக்கோணங்களை விட்டுவிட்டு எழுத்துகள் கோட்டுக்குள் நிற்கின்றனவா என்று மட்டும் பார்ப்பாள். அதனால் மகள் தினமும் மாலையில் தன் பாடங்களை முடித்த பிறகு, பழைய இரண்டாம் வகுப்பு நோட்டைப் போல ஒன்றை வாங்கி, அதில் ஒரு பக்கம் ஈரிலக்கக் கழித்தல் போட்டுக் காட்டுவாள். வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவாள். நாற்காலிக்காரி அதைக் கண்டுபிடித்து விரலை வைத்ததும், "அய்யய்யோ, கடன் வாங்க மறந்துட்டேம்மா," என்று ரப்பரை எடுப்பாள். ஒருநாள் தேர்வுக்கு முன்தினமும் இதைச் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்கடைக்காரர், உனக்கு நேரமாகவில்லையா என்று கேட்டார். "அவங்களுக்கும் வேலை வேணும்லப்பா," என்றாள். அந்தத் தெருவில் இதை யாரும் விசேஷமாகப் பேசுவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தையல்காரி, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குப்பை வண்டி எந்தப் பக்கம் நிற்கும், கீழ்வீட்டு நாற்காலிக்காரி பேச மாட்டாள் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்.

பத்தொன்பதாவது பதிவைக் கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு மாதத்தில் தட்டச்சு செய்துவிட்டார். செவிலியின் ஐம்பத்தொரு நிமிடத்தை முழுதும், எல்லா அமைதிகளோடும் போட்டார். அதற்குப் பிறகும் பதிவு ஓடியது. படிகளில் செருப்புச் சத்தம். தெரு. பெஞ்சில் பை வைக்கும் சத்தம். வயதான ஒரு பெண் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறாள். அவள் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேட்டி முடிந்ததிலிருந்து அதுவரை நான்கு நிமிடம். அதை அவர் போடவில்லை. பேட்டி அத்துடன் முடிந்தது என்று குறித்து நெறியாளருக்கு அனுப்பிவிட்டார். நெறியாளர் அந்தப் பத்தொன்பதையும் வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். முன்னுரையில், இறுதி மூச்சுவரை அவர் ஆய்வைப் பற்றியே பேசினார் என்று எழுதினார். ஆகவே அவளுக்குக் கடைசி வார்த்தை இரண்டு ஆகிவிட்டது. இரண்டும் தப்பு என்பது தெரிந்தவர் ஒருவர்தான்.

அவர் அந்த நான்கு நிமிடத்தைக் கடையில் வைத்துக் கேட்டார். பின்னறையில் வில்லையின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம் ஓடும்போது காதில் மாட்டிக்கொள்வார். இயந்திரச் சத்தத்தில் மற்றவர்களுக்கு எதுவும் கேட்காது. அவருக்கு அவள் குரல் கேட்கும். நாளுக்கு ஒருமுறை. மகளுக்கு அது தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். அவள் அதைக் கேட்டால், உடைவதற்கு அவளிடம் இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான். அழித்துவிடலாம் என்று பலமுறை கையை வைத்தார். அவரிடம் இருந்ததும் அது ஒன்றுதான். மனைவியை ஒதுக்கி வைக்க ஆறு வாரம் மிச்சம் இருந்தது, அதனால் வீட்டில் அவருக்கு எந்த நாற்காலியிலும் ஆள் இல்லை. அன்று காலை அவர்தான் போகச் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்பதும் அவருக்குத் தெரியும்.

பதினோரு வருடம் இப்படிப் போனது. அவருடைய தலை நரைத்தது. நாற்காலிக்காரிக்கு அதே முப்பத்து நான்கு. மகள் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாதத்தில் நூலகத்தில் அம்மாவின் தொகுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர் தட்டச்சு செய்த அதே மேசையில், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பத்தொன்பதாவது எங்க முடியுது?"

"போட்டிருக்கேனே. அந்த நர்ஸ் தேங்க்ஸ் சொல்றதோட."

"டீச்சர் கருவியை நிறுத்தின சத்தம் போடலையே நீங்க. மத்த பதினெட்டுலயும் க்ளிக்குன்னு ஒரு சத்தம் போட்டிருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த விதியை மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

"பாட்டி சொல்றது ஒண்ணு, அந்த முன்னுரையில ஒண்ணு. உண்மையில என்ன சொன்னாங்க?"

அவர் எழுந்து போய்க் கடைப் பையிலிருந்து கருவியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "பாப்பா" என்றார், அவ்வளவுதான். மகள் காதில் மாட்டிக்கொண்டாள். நாற்காலிக்காரி ஜன்னலோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவல் அவள் மடியில் விழுந்தது. மகள் ஒருமுறை கேட்டாள். பின்னால் தள்ளி இன்னொருமுறை கேட்டாள். பிறகு காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்காப்பா இத்தனை வருஷம்?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அம்மா என்கூடத்தானே இருந்தாங்க. துணியை நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டுட்டே இருந்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அங்க இருந்தவங்க வேற எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள். பிறகு, "டீச்சர் சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றாள். கருவியைக் கையில் எடுத்து, "தினமும் கேப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

அவருக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதுவரை அது அவர் ஒருவரிடம் மட்டும் இருந்தது. மகள் கணினியைத் திறந்து, பத்தொன்பதாவது பதிவின் கோப்பில் அவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். செருப்புச் சத்தம், படிகள் நாற்பத்திரண்டு. தெரு. ஒரு ஹாரன். பை வைக்கும் சத்தம். அவள் வேகமாகத் தட்டினாள், எதையும் ஒழுங்குபடுத்தவில்லை. நாற்காலிக்காரி எழுந்து வந்து சீவிய பென்சிலை மகளின் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் தலையை ஒருமுறை கோதிவிட்டு, போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் எழுத்துகள் வருவதைப் பார்த்தார்.

பெஞ்சில் இருந்த பெண்: வெயிலு என்னமா அடிக்குது. உக்காரும்மா. வீடு பக்கமா?

அவள்: இல்லீங்க. ரெண்டு பஸ் மாறணும்.

பெஞ்சில் இருந்த பெண்: அட. பிள்ளைங்க எத்தனை?

(அமைதி, மூன்று விநாடி)

அவள்: பிள்ளைங்க இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதான். அவரு இந்நேரம் கடை தெறந்திருப்பாரு.